கடிதமும் பதிவேடும்

ஒருவர் தனித்துச் செய்யும் தொழில்கள் இன்று அருகிவிட்டன. பலர் பல ஊர்களிலிருந்து கூடிச் செய்யும் தொழில்களே மிகுதி. அவற்றில், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதிருப்பதால் விளையும் கேடு மிகப் பெரிது. இதற்கு ஒரு சான்று காண்போம்.

1998 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் நாசா நிறுவனம் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலத்தைச் செவ்வாயை நோக்கி ஏவியது. கலத்தைக் கட்டியவர்கள் கொலராடோவிலிருந்த லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தார். பாதையைக் கணித்தவர்கள் கலிபோர்னியாவிலுள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தார். கலத்தின் சிறு உந்துபொறிகள் தந்த உந்துதலின் அளவு, கணிப்பொறிக் கோப்புகளாக முன்னவரிடமிருந்து பின்னவருக்குச் சென்றது. அனுப்பியவர்கள் பவுண்டுக் கணக்கில் அனுப்பினர். பெற்றவர்கள் அதனை நியூட்டன் கணக்கென்றே கொண்டனர். ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன் ஆகும். ஆகவே உந்துதலின் விளைவு அந்த மடங்கு குறைவாகவே மதிப்பிடப்பட்டது.

1999 செப்டம்பர் 23 அன்று கலம் செவ்வாயை அடைந்தது. 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய அது, சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. 80 கிலோமீட்டருக்குக் கீழே அது பிழைக்க வழியில்லை. கலம் அழிந்தது.

அலகைப் பிழையாகக் கொண்டதே இதற்குக் காரணம் என்று பாடநூல்கள் கூறும். உண்மையே. ஆனால் நியூட்டன் கணக்கே வேண்டும் என்று விதிமுறை ஏட்டில் எழுதியே இருந்தது. பாதையைக் கணித்தவருள் சிலர், எண்கள் ஒத்துவரவில்லை என்று முன்னரே ஐயுற்றனர். அவ்வையம் முறைப்படி குறைப்பதிவேட்டில் ஏறவில்லை. மின்னஞ்சலிலேயே சிக்கலைத் தீர்க்க முயன்றனர் என்பதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது.

மின்னஞ்சலுக்கும் பதிவேட்டுக்கும் என்ன வேறுபாடு? மின்னஞ்சல் பெற்றவரின் பெட்டியில் தங்கிவிடும். அவர் மறந்தால் செய்தியும் மறைந்ததுபோலத்தான். பதிவேட்டில் ஏறிய குறைக்கோ ஓர் எண் உண்டு, நாள் உண்டு, பொறுப்பாளர் உண்டு. விடை காணும்வரை அது எல்லார் கண்ணிலும் நிற்கும்.

இன்றைய அலுவலகங்களில் கருவிகளுக்குக் குறைவில்லை. எதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதே கேள்வி. இன்றே பேசி முடியும் செய்திக்கு வாட்ஸ்அப், ஸ்லாக் போன்ற உரையாடல் போதும். பலர் சேர்ந்து எழுதும் அறிக்கைக்கு, எல்லாரும் ஒரே படியைத் திருத்தும் கூகுள் டாக்ஸ் ஏற்றது. நிரல் எழுதுவோர்க்கு 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' உண்டு. யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பதை அது காட்டும். தீராத குறைகளுக்கோ ஜிரா போன்ற பதிவேடே வேண்டும்.

நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்திலும் குழுவாகவே பணி செய்கிறோம். "இந்த எண் சரியில்லை போலிருக்கிறதே" என்ற ஐயம் நம்முள் இளையவருக்கும் எழலாம். அதனை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதிவிட்டு அமையாமல், பொறுப்பாளர் பெயரோடு பொதுப் பட்டியலில் ஏற்றுவோம். எண்ணை எழுதுங்கால் அலகையும் உடன் எழுதுவோம். விடை வரும்வரை பட்டியலிலிருந்து அதனை நீக்காதிருப்போம். ஐயத்தை எழுப்பியவரை நகையாதிருப்பதும் நம் கடன். நகைப்புக்கு அஞ்சி ஒருவர் வாய் மூடினால், எந்தக் கருவியும் நமக்கு உதவாது.