நின்றதும் மறையும் நெஞ்சு வலி

நான் மருத்துவன் அல்லன்; ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடத்தை நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்வது கடமை என்று கருதி எழுதுகிறேன்.

லால்பாக் பாறைக் குன்றில் கெம்பேகௌடர் கோபுரம் வரை தினமும் காலையில் ஏறி இறங்குவது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பாதி ஏற்றத்தில் நடு நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போல் இருந்தது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன், போய்விட்டது. மறுநாளும் அப்படியே. வாயுத் தொல்லை என்று நானே முடிவு கட்டி, இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்து மூன்று வாரம் ஓட்டினேன். ஓய்வெடுத்ததும் போகிற வலி பெரிய வலியாக இருக்காது என்பது என் எண்ணம்.

ஓடும் வண்டியில் அச்சுப் பெட்டி சூடேறினால் ரயில்வேயில் அதை 'ஹாட் ஆக்ஸில்' என்போம். வண்டியை நிறுத்தினால் சிறிது நேரத்தில் சூடு தணியும். தணிந்துவிட்டதே என்று மீண்டும் ஓட விடுவோமா? மாட்டோம். அந்தப் பெட்டியைக் கழற்றி, 'சிக்' என்று குறியிட்டு, பழுது பார்க்க அனுப்புவோம். சூடு தணிந்தது ஓட்டம் நின்றதால். பழுது நீங்கியதால் அன்று. இந்த விதியைப் பணிக்காலம் முழுவதும் வண்டிகளுக்குக் கடைப்பிடித்த நான், என் நெஞ்சுக்குக் கடைப்பிடிக்கவில்லை.

ஏன் மறைகிறது?

உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இதயத்தின் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வருபவை இதயத் தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினாலும், உட்கார்ந்திருக்கும்போது வரும் இரத்தம் போதும். மேடு ஏறும்போது தேவை பல மடங்கு கூடுகிறது. குறுகிய வழி ஈடு கொடுக்க முடிவதில்லை. தசை வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது, வலியும் மறைகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-லேயே இதைத் தெளிவாக விளக்கினார்: நடக்கையில், குறிப்பாக மேடு ஏறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும் வரும்; நின்றதும் போகும். இதுவே 'ஆஞ்சைனா'.

கடைசியில் என் மனைவி பிடிவாதமாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். படுக்க வைத்து எடுத்த ஈ.சி.ஜி.யில் குறையில்லை. "பார்த்தாயா?" என்றேன். மருத்துவரோ, "ஓய்வில் எடுத்தது ஓய்வைத்தான் காட்டும்" என்று டிரெட்மில் சோதனைக்கு அனுப்பினார். அதில் மாற்றம் தெரிந்தது. ஆஞ்சியோகிராமில் ஒரு தமனி பெரிதும் அடைபட்டிருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று மீண்டும் நடக்கிறேன்.

ஒரு பெரிய இழப்பு

சென்னையில் பிறந்து கன்னடத் திரையுலகில் புகழ் பெற்ற நடிகர் புனீத் ராஜ்குமார், 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூரில் காலமானார். வயது 46. உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சில் அசௌகரியம் தோன்றி, குடும்ப மருத்துவரிடம் சென்று, அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் உயிர் பிழைக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் ஜெயதேவா இருதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்தவர்களின் கூட்டம் பெருகியது. கர்நாடக அரசு 2023-ல் அவர் பெயரால் 'ஹிருதய ஜோதி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தாலுகா மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி.யைத் தொலைவிலுள்ள இதய வல்லுநர்கள் பார்த்துச் சொல்ல, தேவைப்பட்டால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி அங்கேயே இலவசமாகப் போடப்படுகிறது.

இதிலிருந்து உடற்பயிற்சி கெடுதல் என்று கொள்ள வேண்டாம். முறையான பயிற்சி இதயத்தைக் காக்கும். பழக்கமில்லாதவர் திடீரென்று கடுமையாக உழைப்பதே ஆபத்து. ஆனால் இளவயதும் உடற்கட்டும் முழுக் காப்பு அல்ல. தமனிச் சுவரிலுள்ள படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் கட்டி வழியை முற்றிலும் அடைத்தால் அது மாரடைப்பு. நிமிடத்துக்கு நிமிடம் தசை அழிகிறது.

எப்போது என்ன செய்வது?

1. பயிற்சியின்போதோ முடிந்த பின்னரோ நெஞ்சில் இறுக்கமோ பாரமோ தோன்றினால் உடனே நிறுத்தி உட்காருங்கள். "இன்னும் ஒரு சுற்று" வேண்டாம்.

2. ஐந்து நிமிட ஓய்விலும் குறையவில்லையா? அல்லது வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி உண்டா? உடனே 108-ஐ அழையுங்கள். தாமே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது.

3. ஓய்வில் மறைந்துவிட்டாலும் முதல் முறை என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை நடைக்கு விடுமுறை. முன்பைவிடக் குறைந்த உழைப்பிலேயே வந்தாலோ, சும்மா இருக்கும்போது வந்தாலோ, அது அவசர நிலை.

4. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டும் வரலாம்.

5. விரலால் அழுத்தினால் வலிப்பது தசைப் பிடிப்பாக இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்காதீர்கள். இரத்த அழுத்தம் திடீரென்று குறைந்துவிடக் கூடும்.

ஒரு வேண்டுகோள்

மகனும் மருமகளும் அலுவலகம் போனபின், ஊரிலிருந்து வந்த பெற்றோர் தனியே இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். கன்னடம் தெரியாத அவர்களுக்கு இரண்டே சொற்களைக் கற்றுக் கொடுங்கள்: நெஞ்சு வலிக்குக் கன்னடத்தில் 'எதெ நோவு'. வீட்டு முகவரியைக் கன்னடத்தில் எழுதி, 108 என்ற எண்ணோடு தொலைபேசி அருகே ஒட்டி வையுங்கள். பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வலியை மறைப்பது நம் பெரியவர்களின் குணம். அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியவர்கள் பிள்ளைகளே. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்: "அப்பா, நடக்கும்போது நெஞ்சில் ஏதாவது செய்கிறதா?"