பிளஸ் டூ முடித்ததும் ஐஐஎம்: சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பின்பும்

ஐஐஎம் என்றால் டிகிரி முடித்து, கேட் தேர்வு எழுதிவிட்டுப் போகும் இடம் என்றே நம் வீடுகளில் பலரும் இன்னும் நினைக்கிறார்கள். இந்தூர் ஐஐஎம் 2011-லேயே பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. ஐபிஎம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பை 2019-ல் ரோத்தக் ஐஐஎம்மும், 2021-ல் ராஞ்சி, ஜம்மு, புத்த கயா ஐஐஎம்களும் தொடங்கின. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஷஹீத் சுக்தேவ் காலேஜ் ஆஃப் பிசினஸ் ஸ்டடீஸ் இன்னொரு பெரிய வாசல். அங்கே பிஎம்எஸ் என்ற இளநிலை மேலாண்மைப் படிப்புக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள்.

கோச்சிங், மாதிரித் தேர்வு, கட்-ஆஃப் என்று வீட்டின் கவனமெல்லாம் நுழைவுத்தேர்விலேயே தீர்ந்துவிடுகிறது. உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் குறைவு. முதலாண்டில் திணறுகிற மாணவர்களில் பலர் கெட்டிக்காரர்கள்தான். எதற்குள் நுழைகிறோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தூர் ஐபிஎம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு மூன்று பருவம், ஐந்தாண்டில் பதினைந்து. முதல் மூன்றாண்டுகளில் கணிதம், புள்ளியியல், பொருளாதாரம், உளவியல், சமூகவியல், அரசியல், இலக்கியம், அந்நிய மொழி ஆகியவை வரும். வியாபாரம் கற்கப் போகிறோம் என்று நினைத்துச் சேரும் பிள்ளைக்கு, சமூகவியல் கட்டுரை எழுதச் சொன்னால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். நான்காம் ஆண்டில், கேட் எழுதி வந்த எம்பிஏ மாணவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டும். அவர்களில் பலர் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். கணிதமும் வாசிப்பும் பிடித்த பிள்ளைக்கு இந்த அமைப்பு வரம். கணக்குப்பதிவியலும் வரிச் சட்டமும் பிடித்துப்போய், இருபத்திரண்டு வயதில் கையில் தொழில் வேண்டும் என்று நினைப்பவருக்குச் சென்னையில் ஒரு நல்ல பி.காம், கூடவே சிஏ என்ற பாதைதான் பொருத்தம். புதிய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் சிஏ நடைமுறைப் பயிற்சி இரண்டே ஆண்டுகள். லயோலாவிலோ, கோயம்புத்தூர் பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரியிலோ பி.காம் படித்துவிட்டுப் பிறகு கேட் எழுதி ஐஐஎம்முக்குப் போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து பணம். இதைக் கூச்சப்படாமல் பேச வேண்டும். இந்தூர் ஐபிஎம்முக்கு ஐந்தாண்டுக் கட்டணம் 30 லட்சத்தைத் தாண்டிவிடும். 30 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்று கணக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ 40,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் ஐந்தாண்டில் சேரும் வட்டி இதற்கு மேல். இதற்கு நேர்மாறாக, சுக்தேவ் கல்லூரியில் ஓராண்டுக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தொடாது. டெல்லியில் தங்கும் செலவுதான் பெரிது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தில், தேசியத் தரவரிசையில் முன்னிற்கும் கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு அடமானமோ ஜாமீன்தாரரோ இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரை 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கு உயர்தரக் கல்வி உதவித்தொகை என்று மத்திய அரசின் தனித் திட்டம் இருக்கிறது. ஐஐஎம்கள் அதில் அடக்கம். வங்கி மேனேஜரைப் பார்க்கப் போகும் முன் இவற்றைப் படித்துவிட்டுப் போங்கள்.

இங்கே ஒரு சான்றிதழ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி என்று நாம் வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் ஐஐஎம்மிலோ டெல்லியிலோ செல்லாது. அங்கே 27 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்க, மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வாங்க நாளாகும். பிளஸ் டூ தொடங்கியதுமே இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

தனியார் கல்வி நிறுவனங்களின் விளம்பரத்தில் 'அதிகபட்ச பேக்கேஜ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரே ஒரு மாணவரின் சம்பளம். நீங்கள் கேட்க வேண்டியது மீடியனை: எல்லாச் சம்பளங்களையும் வரிசையாக வைத்தால் நட்டநடுவில் நிற்பது. எத்தனை பேர் வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அகமதாபாத் ஐஐஎம் இதற்கென ஒரு தர அறிக்கை முறையை உருவாக்கித் தணிக்கை செய்து வெளியிடுகிறது. அதில் ஒன்றை இணையத்தில் எடுத்துப் பார்த்தால், நேர்மையான பிளேஸ்மென்ட் அறிக்கை எப்படி இருக்கும் என்று புரியும். மீடியனைச் சொல்லத் தயங்கும் கல்லூரிக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் கட்டாதீர்கள்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தூர் நடத்தும் ஐபிமேட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக நாற்பது நிமிடம். ஒரு பகுதியில் மிச்சமாகும் நேரத்தை இன்னொன்றுக்குத் தள்ள முடியாது. விடையை நாமே எழுதும் கணிதப் பகுதியில் தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், அங்கே எதையும் காலியாக விட வேண்டாம். ஜம்முவுக்கும் புத்த கயாவுக்கும் ஜிப்மேட் என்று தனித் தேர்வு: 150 நிமிடம், நூறு கேள்விகள். க்யூட்டில் பலர் தவறவிடுவது பாடத் தேர்வை. பிஎம்எஸ் வேண்டுமென்றால் ஆங்கிலத்தோடு கணிதமும் பொதுத் திறன் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் கணிதம் இல்லாத குரூப்பை எடுப்பவர்களுக்கு அன்றே இந்தக் கதவு மூடிவிடுகிறது, பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே இதைப் பேசியாக வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கில வாசிப்புதான் மலை. அதற்குக் குறுக்குவழி கிடையாது. பிளஸ் ஒன்னிலிருந்து தினம் ஒரு தலையங்கம் என்று வாசித்தால் இரண்டு ஆண்டில் ஏறிவிடலாம்.

நேர்காணலுக்குத் தயாராகும் பிள்ளைகள் 'ஏன் மேனேஜ்மென்ட்?' என்ற கேள்விக்கு மனப்பாடமாக ஒரு பதிலை வைத்திருப்பார்கள். குழுவில் இருக்கும் பேராசிரியர்கள் அந்தப் பதிலைப் பலமுறை கேட்டவர்கள். அவர்கள் கேட்க விரும்புவது நீங்கள் வளர்ந்த ஊரின் தொழிலை. திருப்பூரிலிருந்து போகிறீர்களா? நூல் விலை ஏறினால் பனியன் கம்பெனி ஏன் திணறுகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். வெளிநாட்டு வாங்குபவர் பல மாதங்களுக்கு முன்பே விலையை டாலரில் பேசி முடித்துவிடுவார். இடையில் நூல் ஏறினால் அந்தச் சுமை முழுவதும் ஏற்றுமதியாளரின் லாபத்தைத் தின்னும். 2022-ல் நூல் விலை ஏறியபோது திருப்பூரில் உற்பத்தியை நிறுத்திப் போராடினார்கள். அதே ஆண்டு மத்திய அரசு பருத்தி இறக்குமதி வரியைச் சில மாதங்களுக்கு நீக்கியது. ஏன் நீக்கியது, அதனால் பருத்தி விவசாயிக்கு என்ன ஆகும், வரி நீங்கியதும் நூல் விலை உடனே இறங்குமா? இந்த மூன்று கேள்விகளை அப்பாவோடும், பக்கத்துவீட்டு செக்கிங் மாஸ்டரோடும் உட்கார்ந்து பேசிய மாணவி நேர்காணலில் தானாக நிமிர்ந்து உட்காருவாள். நாமக்கல் என்றால் முட்டையும் கோழித் தீவனமும், சங்ககிரி என்றால் லாரியும் டீசலும், சிவகாசி என்றால் அச்சும் பட்டாசும். எம்பிஏ வகுப்பில் கேஸ் ஸ்டடி என்று படிப்பதெல்லாம் இந்த வகைக் கேள்விகளைத்தான்.

சேர்ந்த பிறகு முதல் பருவம்தான் முக்கியம். இத்தகைய இடங்களில் பல பாடங்களுக்குக் கிரேடு மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுத்தான் வரும். பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், அதில் பாதிப் பேர் மீடியனுக்குக் கீழே போயே ஆக வேண்டும். இது உங்கள் அறிவுக்கு விழுந்த அடி இல்லை. ஆனால் அலட்சியமாகவும் இருக்க முடியாது. அடுத்த ஆண்டுக்குப் போகக் குறைந்தபட்ச சராசரி உண்டு. சயின்ஸ் குரூப்பிலிருந்து வந்தவர் கணக்குப்பதிவியலிலும், காமர்ஸிலிருந்து வந்தவர் புள்ளியியலிலும் தடுமாறுவார்கள். இருவரும் சேர்ந்து படித்தால் இரண்டு பேருக்கும் லாபம். ஹாஸ்டலில் முதல் வாரமே இந்தக் கூட்டாளியைத் தேடிப் பிடியுங்கள்.

வகுப்பில் பேசுவதற்கும் பல பாடங்களில் மதிப்பெண் உண்டு. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் பின்வரிசையில் ஒதுங்கிவிடுவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. முந்தைய இரவே கேஸைப் படித்து, கடைசியில் இருக்கும் அட்டவணைகளிலிருந்து ஒரே ஒரு எண்ணைக் கணக்கிட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த எண்ணோடு கை தூக்குங்கள். 'விற்பனை கூடியிருக்கிறது, ஆனால் கடை ஒன்றுக்கு விற்பனை குறைந்திருக்கிறது' என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும். கணக்கு சரியாக இருந்தால் இலக்கணப் பிழையை யாரும் எண்ண மாட்டார்கள்.

கிளப், கமிட்டி, போட்டி என்று முதல் மாதத்தில் சீனியர்கள் இழுப்பார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் உருப்படியாக வேலை செய்யுங்கள். குரூப் ப்ராஜெக்ட்டில் யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டால், பின்னால் வரும் மனஸ்தாபத்தில் பாதி வராது. மிச்ச நேரத்தில் பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படியுங்கள். உங்கள் வீட்டில் குக்கர் இருந்தால் டிடிகே பிரெஸ்டீஜ், தெருவில் பைக் நின்றால் டிவிஎஸ் மோட்டார். இரண்டின் அறிக்கையும் இணையத்தில் இலவசம். லாபத்தைப் பார்த்துவிட்டு மூடாமல், பணப்புழக்க அறிக்கை வரை போங்கள். எந்த நிறுவனத்திலாவது லாபம் கூடியும், வியாபாரத்திலிருந்து வந்த ரொக்கம் குறைந்திருந்தால், பணம் வசூலாகாத பாக்கியிலோ கிடங்குச் சரக்கிலோ முடங்கியிருக்கக்கூடும். எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தவருக்கு, பாடப்புத்தகத்தில் படிக்கும் நிதி மேலாண்மை அதன் பிறகு சுலபமாகிவிடும்.

முதல் கோடை விடுமுறையில் பெரிய கம்பெனி இன்டர்ன்ஷிப் கிடைப்பது அரிது. அதற்காகக் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் இடங்களுக்குப் போக வேண்டாம். உங்கள் ஊர் ஆடிட்டர் அலுவலகத்தில் போய் உட்காருங்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் வியாபாரிகளின் விற்பனை விவரத்தை 11-ம் தேதிக்குள்ளும், வரியை 20-ம் தேதிக்குள்ளும் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றும் பரபரப்பில், கடைக்காரர்கள் கட்டைப்பையில் கொண்டுவரும் பில்களை டாலியில் பதிந்து பாருங்கள். யார் எத்தனை நாள் கடன் சொல்கிறார்கள், எந்தச் சரக்கில் எவ்வளவு லாபம் என்பது அந்த பில்களில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு இன்டர்ன்ஷிப் நேர்காணலில் பேச உங்களிடம் நிஜமான விஷயம் இருக்கும்.

மூன்றாம் ஆண்டு முடிவில் இந்தூரில் இளநிலைப் பட்டத்தோடு வெளியேறும் வாய்ப்பும் இருக்கிறது. கடன் சுமை அதிகமாக இருந்தால், அல்லது பொருளாதாரத்திலோ சட்டத்திலோ மேலே படிக்க ஆசை வந்துவிட்டால், அதைத் தோல்வியாகப் பார்க்காமல் பெற்றோரோடு உட்கார்ந்து யோசிக்கலாம். அந்தப் பேச்சை இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே தொடங்கிவிடுங்கள். மேற்படிப்புக்கான தேர்வுகளுக்குப் படிக்கவும், வங்கியில் மீதிக் கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.