கடல் மட்டத்திற்கு எத்தனை படிகள்?

தூத்துக்குடித் துறைமுகத்தில் கடல் மட்டத்தை அளக்கும் கருவி உண்டு. ஓதத்தினால் அங்கே நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் பெரிய கப்பலின் அடிப்பாகம் தரை தட்டாமலிருக்க அந்தக் கணக்கு வேண்டும்.

அத்தகைய கருவி ஒன்றை நாமே செய்வோமா? நீருக்கடியில் ஓர் அழுத்த உணரியை வைக்கிறோம். 0 முதல் 10 மீட்டர் ஆழத்திற்கு அது 0 முதல் 5 வோல்ட் தருவதாகக் கொள்வோம். இந்த மின்னழுத்தம் தொடர்ச்சியாக மாறுவது. கணிப்பொறிக்கோ எண்கள்தாம் புரியும். மின்னழுத்தத்தை எண்ணாக்குவதே அனலாக்-டிஜிட்டல் மாற்றியின் வேலை. கடையில் எந்த மாற்றியைக் கேட்டு வாங்குவது?

8 பிட் மாற்றிக்கு 256 படிகள். 10 மீட்டரை 256 ஆல் வகுத்தால் ஒரு படி ஏறத்தாழ 4 செ.மீ. 70 செ.மீ. ஓதம் முழுவதும் பதினெட்டே படிகளில் முடிந்துவிடும்! 12 பிட் மாற்றிக்கு 4096 படிகள். ஒரு படி 2.4 மி.மீ. இது போதும். 'இன்னும் அதிகம் வாங்கலாமே' என்பீர்கள். உணரியே 1 செ.மீ. பிழை செய்யுமானால் 16 பிட் வாங்கியும் பயனில்லை. உப்பு மூட்டை நிறுக்கும் தராசில் முத்தை வைத்துவிட்டு, எடையைத் தசமத்தில் எழுதுவது போலாகும்.

அடுத்தது வேகம். ஓதம் ஒருமுறை ஏறி இறங்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகிறது. எனவே நிதானமான மாற்றியே போதும். மின்தேக்கியில் மின்னூட்டத்தைச் சேர்த்து, அது வடியும் நேரத்தை எண்ணும் 'இருசரிவு' வகை இதற்குப் பொருத்தமானது. 12 பிட்டில் ஒரு படிக்கு 1.2 மில்லிவோல்ட்தான், பக்கத்து மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். சேர்க்கும் நேரத்தைச் சரியாக 20 மில்லிநொடி என வைத்தால் இரைச்சலின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

ஆனால் மணிக்கொரு முறை மட்டும் அளந்தால் போதாது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை தூத்துக்குடிக் கருவியிலும் பதிவாயிற்று. அதன் முகடுகளுக்கு இடையே சில பத்து நிமிடங்கள்தான். நிமிடத்திற்கொரு அளவு எடுத்தால் அது தப்பாது.

முத்துப் பார்களின் ஆழத்தை எதிரொலியால் அளப்பதானால் கதை வேறு. நொடிக்கு 50,000 அதிர்வுள்ள ஒலியை அப்படியே பதிய, நொடிக்கு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட அளவுகள் தேவை. அங்கே இருசரிவு திணறும். பெரிய எடைக்கல்லிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து நிறுப்பதுபோல இயங்கும் 'அடுத்தடுத்த தோராய' வகை வேண்டும். 12 பிட்டுக்குப் பன்னிரண்டே சோதனைகள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: நம் உணரியுடன் 10 பிட் மாற்றியை இணைத்தால் ஒரு படி எத்தனை மி.மீ.?