லைட்ரூம் 6 போதுமா, சந்தா கட்டலாமா?

ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு அடோபி விற்ற கடைசி லைட்ரூம், 2015இல் வந்த 6ஆம் பதிப்பு. 2017 டிசம்பரில் 6.14 வந்ததோடு அதற்குப் புதுப்பிப்பும் நின்றது. இன்னும் அதை வைத்திருப்பவர் சந்தாவுக்கு மாறலாமா என்பதைப் புதிய வசதிகளின் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்தால் மாறத்தான் தோன்றும். பட்டியல் போடுவதே அதற்குத்தானே. நீங்கள் எடுப்பது ராவா ஜேபெக்கா, ஒரே திருத்தத்தை எத்தனை படங்களுக்குச் செய்கிறீர்கள் என்ற இரண்டைப் பார்த்தால் போதும்.

புது கேமராவின் ராவ் கோப்பு திறக்கவில்லை என்பதுதான் பலர் சொல்லும் காரணம். அதற்காக மட்டும் பணம் கட்டத் தேவையில்லை. அடோபியே இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் போட்டு எடுத்தால் பழைய லைட்ரூமும் திறந்துவிடும். ஒரு படி வேலை கூடும், அவ்வளவுதான். மேக்காரர்கள் நிலைமை வேறு. லைட்ரூம் 6இன் இன்ஸ்டாலர் 32 பிட் என்பதால் 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் ஓடாது.

காசுக்கு உண்மையிலேயே ஈடாவது 2023 ஏப்ரலில் வந்த டீனாய்ஸ். மங்கிய மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த படத்தின் புள்ளிகளைப் பழைய ஸ்லைடரால் குறைத்தால் பட்டுச் சேலையின் நெசவும் முடியிழையும் சேர்ந்தே மழுங்கும். புதியது சென்சாரின் மூலத் தரவிலிருந்தே தொடங்குவதால் அந்த நுணுக்கம் பெருமளவு தப்புகிறது. ஆளையோ வானத்தையோ தானே பிரித்தெடுக்கும் மாஸ்கிங் 2021இலேயே வந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் படம் திருத்துபவருக்கு அது மிச்சப்படுத்தும் நேரமே சந்தாவை அடைத்துவிடும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு பழையதென்றால் ஒரு படத்துக்கு டீனாய்ஸ் பல நிமிடம் எடுக்கும், அப்போது கம்ப்யூட்டர் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜேபெக் மட்டும் எடுப்பவருக்கு இதிலெல்லாம் பெரிய பலனில்லை. 14 பிட் ராவ் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள் வைத்திருக்கிறது. ஜேபெக்கில் இருப்பதோ 256.

இலவச மென்பொருள் இருக்க எதற்குச் சந்தா என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. டார்க்டேபிள் இருக்கிறது, 2025 மார்ச்சில் ஜிம்ப் 3.0 வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் அஃபினிட்டியும் இலவசமானது. புதிதாகத் தொடங்குபவர் அங்கேயே தொடங்கலாம். லைட்ரூமில் பல ஆண்டு வேலை சேர்த்தவர்தான் யோசிக்க வேண்டும்: வேறு மென்பொருளுக்கு மாறினால் நட்சத்திரமும் குறிச்சொல்லும் கூடவே வரும், நிறத் திருத்தங்கள் பெரும்பாலும் வராது. சந்தாவை நிறுத்தினால் படங்கள் போய்விடும் என்ற பயம் மட்டும் வீண். சந்தாவில் வரும் லைட்ரூம் கிளாசிக்கில் திருத்தம் செய்யும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். படங்களைப் பார்க்கவும் எக்ஸ்போர்ட் செய்யவும் தடையில்லை.

இன்னும் தயக்கமிருந்தால் பழைய கேட்டலாக்கை நகலெடுத்து வைத்துவிட்டு, ஏழு நாள் இலவசச் சோதனையில் உங்களிடம் உள்ளதிலேயே மோசமான வெளிச்சத்தில் எடுத்த பத்து ராவ் படங்களைத் திருத்துங்கள். வழக்கமாக ஆல்பத்தில் போடும் அளவிலேயே இரண்டு பதிப்பின் படங்களையும் அச்சிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் ஏழாம் நாளுக்குள் ரத்துசெய்துவிடுங்கள். ஆண்டு ஒப்பந்தத்தை மாதாமாதம் கட்டும் திட்டத்தில் பாதியில் விலகினால் அதற்கும் கட்டணம் பிடிப்பார்கள்.