ஸ்கேலரைக் கையில் எடுக்கும் முன்

மதுரையில் கே.கே. நகர், அண்ணா நகர், பை-பாஸ் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் பல் மருத்துவமனைப் பலகைக்குக் குறைவில்லை. உள்ளே படித்துப் பதிவு செய்த டென்டல் ஹைஜீனிஸ்ட் இருக்கிறாரா என்று பார்த்தால், பெரும்பாலான இடங்களில் டாக்டரே ஸ்கேலிங்கும் செய்துகொண்டிருப்பார். அதனால் என்னைப் பார்க்கிறவர்கள் ‘நர்ஸம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. புதிதாக இந்தப் படிப்புக்கு வரும் பிள்ளைகளும் ‘பல்லு கிளீன் பண்ற வேலைதானக்கா’ என்று கேட்பதுதான் வருத்தம். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வேலை என்ன என்பதை 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே சொல்லிவிட்டது: காரை எடுப்பது, பல்லைச் சுத்தம் செய்வது, மெருகேற்றுவது, வாயைப் பேணும் முறையைச் சொல்லிக்கொடுப்பது. பிளஸ் டூவில் அறிவியல் எடுத்து, 2 ஆண்டு டிப்ளமோ முடித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு டாக்டரின் மேற்பார்வையில் இதைச் செய்கிறோம். பல் பிடுங்குவதும் சொத்தையை அடைப்பதும் மருந்து எழுதுவதும் நம் வேலை இல்லை. சட்டம் சொன்னவற்றுள் கடைசியாக வரும் ‘சொல்லிக்கொடுப்பது’ என்பதைப் பலர் ஒப்புக்கு இருப்பதாக நினைக்கிறார்கள். இந்தத் தொழில் பிறந்ததே அதற்காகத்தான். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906-இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு இந்த வேலையைப் பழக்கினார். 1913-இல் அதற்கென்று ஒரு பள்ளியே தொடங்கினார். அங்கே படித்து வந்த பெண்களில் பலரை முதலில் அனுப்பியது பள்ளிக்கூடங்களுக்கு, பிள்ளைகளிடம்.

நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் கருவியை எடுக்காதீர்கள். முதலில் மாத்திரைச் சீட்டைக் கேளுங்கள். ‘என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று கேட்டால் நம் ஊரில் ‘ஒண்ணும் இல்லம்மா’ என்றுதான் பதில் வரும். பிரஷருக்கும் சுகருக்கும் வருடக்கணக்கில் போடுவதை அவர்கள் மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ‘பைக்குள்ள மாத்திர அட்ட ஏதும் இருக்காம்மா? கொஞ்சம் காட்டுங்க’ என்று கேட்டுப் பாருங்கள், மஞ்சள் பையிலிருந்து நாலைந்து அட்டை வரும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு முன்பற்களுக்கு இடையே ஈறு முட்டு முட்டாகத் தடித்து, பாதிப் பல்லை மூடியிருந்தது. காரையும் இருந்தது. ஆனால் அந்தக் காரைக்கு இவ்வளவு வீக்கம் வராது. பையிலிருந்து வந்த அட்டையில் அம்லோடிபின் இருந்தது. பிரஷருக்குத் தரும் அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அழுக்கு சேர்ந்தால் இன்னும் கூடும். நான் அந்த அட்டையோடு டாக்டரிடம் போனேன். மாத்திரையை மாற்றலாமா என்பதை அவரும் பிரஷர் பார்க்கும் டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டும். ‘அந்த மாத்திரைய நிறுத்திருங்க’ என்று நம் வாயிலிருந்து ஒருநாளும் வரக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைக்கும் இதே விதிதான்.

இதய வால்வு மாற்றியவரா, முன்பு இதயத்தின் உட்சுவரில் தொற்று வந்தவரா என்று கேட்டாக வேண்டும். ஈறைத் தொட்டால் கிருமி ரத்தத்துக்குள் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தர வேண்டுமா என்று டாக்டர் பார்ப்பார். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் எந்த வகை அல்ட்ராசோனிக் கருவி என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுகர் இருப்பவருக்கு ஈறு நோய் வேகமாக முற்றும், ஈறு நோய் இருந்தால் சுகரும் கட்டுக்குள் வர அடம்பிடிக்கும். சில வாரமாக விடாத இருமல் இருக்கிறவருக்கு அல்ட்ராசோனிக் வேண்டாம். அது தண்ணீரைப் புகையாகத் தூவி அறை முழுக்கப் பரப்பிவிடும். அவரை முதலில் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்தது புரோப். மில்லிமீட்டர் கோடு போட்ட இந்த மெல்லிய கம்பியைப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தோடு கடந்துவிடுவார்கள். எனக்கு இதைவிட முக்கியமான கருவி இல்லை. ஒவ்வொரு பல்லையும் சுற்றி 6 இடத்தில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை நல்லது. 4, 5 என்று போனால் அங்கே பை விழ ஆரம்பித்திருக்கிறது. எண்களை உரக்கச் சொல்லி அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். படுத்திருப்பவரும் கேட்டுக்கொண்டிருப்பார். ‘மூணு, மூணு, ரெண்டு, ஆறு’ என்றதும் ‘ஆறுன்னா என்னம்மா?’ என்று அவரே கேட்பார். நாம் சொல்ல நினைத்ததை அவரே கேட்டு வாங்கும் இடம் அது.

கை விஷயத்துக்கு வருகிறேன். கருவியைப் பேனா பிடிப்பது போலப் பிடித்து, நடுவிரல் நுனியைக் கழுத்துப் பகுதியில் ஊன்றி, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லின் மேல் நிறுத்த வேண்டும். அந்த ஊன்றல் இல்லாமல் ஒரு இழுப்பும் இழுக்காதீர்கள். நோயாளி திடீரென்று தலையை அசைத்தால் விரலும் கூடவே அசையும், கூர்முனை கன்னத்தில் பாயாது. கிரேசி க்யூரெட்டுகளில் 11/12 கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு, 13/14 பின்பக்கத்துக்கு. எண்ணை மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். கண்ணை மூடிக்கொண்டு பொம்மைத் தாடையில் வைத்து, எந்த விளிம்பு வெட்டுகிறது என்று விரலால் உணர்ந்து பழகினால் மறக்காது. ஈறுக்கு அடியில் கண் உதவாது. காரை இருக்கும் வேர் சொரசொரவென்று தட்டும், சுத்தமான வேர் வழுக்கும். அந்த வித்தியாசம் விரலுக்குப் பிடிபடும்வரை வேலையை முடித்ததாக எண்ணாதீர்கள்.

அல்ட்ராசோனிக்கில் முனையைப் பல்லுக்குக் குத்தலாக வைக்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்து, அழுத்தாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். தண்ணீர் சரியாக வராவிட்டால் உடனே நிறுத்துங்கள், சூடு உள்ளே நரம்பு வரை போகும். நம் ஊர் போர் தண்ணீரை இந்த மிஷினிலோ ஆட்டோகிளேவிலோ ஊற்றாதீர்கள். பல்லில் எடுக்க வேண்டிய காரை குழாயில் படிந்துவிடும்.

காரை அதிகம் சேரும் இடம் கீழ் முன்பற்களின் உட்பக்கமும் மேல் கடைவாயின் வெளிப்பக்கமும். எச்சில் சுரப்பி திறக்கும் வாய்கள் அங்கேதான் இருக்கின்றன. சோழவந்தானிலிருந்து வந்த ஒரு பாட்டிக்குக் கீழ்ப்பற்களின் பின்னால் ஒரே பாளமாகக் கருஞ்சிவப்பாய் ஏறியிருந்தது. அந்த ஊர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாட்டிக்கோ அது சின்ன வயதிலிருந்தே வாயில் இருப்பது. ‘தாயி, இத எடுத்துட்டா பல்லு ஆடிப் போகும்னு சொல்றாகளே. இதுதான பிடிச்சுக்கிட்டு நிக்கிது?’ என்றார். ஸ்கேலிங் பற்றி நம் ஊரில் இருக்கும் பெரிய பயம் இதுதான். அதைச் சிரித்துத் தள்ளக்கூடாது. ஏனென்றால் பாதி உண்மை. காரை எலும்பை அரிக்க வைத்துப் பல்லை ஆட விட்டுவிட்டு, தானே சிமென்ட் மாதிரி பிடித்தும் நிற்கிறது. எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, ஆட்டியது அதற்கு முன்பே நடந்துவிட்டது. ‘அப்பத்தா, எடுத்தப்புறம் ரெண்டு பல்லு ஆட்டம் தெரியும், கூச்சமும் இருக்கும். எடுக்காம விட்டா மத்ததும் இதே மாதிரி ஆயிரும்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முதலில் பெயர்ந்து வந்த துண்டைக் காஸ் துணியில் வைத்து அவர் உள்ளங்கையில் கொடுத்தேன். விரலால் நெருடிப் பார்த்தார். ‘கல்லுல்ல இது’ என்றார். பிறகு வாயைத் தானாகவே நன்றாகத் திறந்தார்.

காரையை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர்களும் நம் சனங்கள்தான். ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளர் 1970 முதல் 1985 வரை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைத் தொடர்ந்து பார்த்தார். அவர்களிடம் பிரஷ் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. எல்லோருக்கும் காரையும் ஈறு வீக்கமும் இருந்தன. ஆனாலும் சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதத்தினருக்கு மெல்ல நகர்ந்தது, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. ‘எங்க தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்ல, கடைசிவரைக்கும் கரும்பு கடிச்சாரு’ என்று யாராவது வாதாடும்போது நான் இந்த 11 சதவீதத்தை நினைத்துக்கொள்வேன். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் பேரனும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறானா என்பதைப் புரோப்தான் சொல்லும். அந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். அத்தனை வருடம் அவர்கள் வாயில் பட்ட நோய் உலகத்துக்கே பாடமாயிற்று.

கிருமி நீக்கத்தில் சலுகையே கிடையாது. கருவியைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பவுச்சில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியிலோ 134 டிகிரியிலோ அதற்குரிய நேரம் வைக்க வேண்டும். ஒட்டிய பட்டை நிறம் மாறியதைப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கும் கருவியை எத்தனை சூட்டில் வைத்தாலும் பயனில்லை. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் சக்‌ஷன் முனையும் சிவப்பில், ஊசி துளைபடாத வெள்ளை டப்பாவில். கூட்டம் நிற்கிறது, அடுத்த ஆளைச் சீக்கிரம் உட்கார வை என்று யார் அவசரப்படுத்தினாலும் பவுச் பிரிக்காத கருவியைத்தான் தொட வேண்டும். 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை இடத்துக்குப் போய்வந்தவர்களில் 8 பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றில் இறந்தார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள், சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் பாட்டிலைக் காரணமாகக் காட்டினார்கள். ஒரு பாட்டில் சலைன் என்ன விலை வந்துவிடும்? திறந்த பாட்டிலில் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். கேட்பவருக்குப் பதில் சொல்லும் தைரியம் வேண்டும்.

இனி, சொல்லிக்கொடுப்பதற்கு வருகிறேன். நோயாளி நம் நாற்காலியில் இருப்பது முக்கால் மணி நேரம். மீதி ஆறு மாதமும் பிரஷ் அவர் கையில் இருக்கிறது. ‘ரெண்டு வேளை நல்லா விளக்குங்க’ என்று சொன்னால் ‘விளக்குறேனே’ என்பார். அவரிடமே ஒரு பிரஷைக் கொடுத்து, கண்ணாடியைக் காட்டி, எப்படி விளக்குகிறீர்கள் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். முன்பற்களைக் குறுக்கே பரபரவென்று தேய்த்துவிட்டுக் கொப்பளிப்பார். அழுக்கைக் காட்டும் சாயத்தைத் தடவினால் எங்கே விட்டார் என்று அவர் கண்ணே பார்க்கும். பிறகு பிரஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து, சின்னதாக அசைத்துக் காட்டுங்கள். ஒரே நாளில் பல் இடுக்குப் பிரஷ், மவுத்வாஷ், ஃப்ளாஸ் என்று எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். ஒன்றைச் சொல்லி, அடுத்த முறை அதைச் சரிபார்த்துவிட்டு இரண்டாவதைச் சொல்லுங்கள். விரலால் பல்பொடி போடுகிறவரிடம் பிரஷை வாங்கச் சொல்வது தவறில்லை, அவர் வழக்கத்தை அசிங்கம் என்று முகம் சுளிப்பதுதான் தவறு. குளோர்ஹெக்சிடின் எழுதிக் கொடுத்திருந்தால், பேஸ்ட் போட்ட அரைமணி நேரத்துக்குப் பிறகு கொப்பளிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் போனால் பல் பழுப்பாகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்கூட முகாம்களில் பழுப்புக் கோடு விழுந்த பல்லோடு பிள்ளைகள் வருவார்கள். பாறை நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடினால், பல் உருவாகும் வயதிலேயே அந்த நிறம் ஏறிவிடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. இதைக் காரை என்று நினைத்துச் சுரண்டாதீர்கள், வரவும் வராது. அப்படி ஒரு பெண்பிள்ளை வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறதென்றால், விளக்காததால் வந்த கறை இல்லை என்று வகுப்பு டீச்சர் முன்னாலேயே சொல்லுங்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டு டாக்டரிடம் கொடுங்கள்.

வாயைத் திறக்கச் சொல்லும்போது எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். மூன்று விரல் நுழையாமல், கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகியிருந்தால் பாக்கு போடுகிறாரா என்று கேளுங்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் வகைப்படுத்திவிட்டது. கல்யாணத் தாம்பூலத்தை யாரும் இங்கே குறை சொல்லவில்லை. நாள் முழுக்கப் பொட்டலம் பிரித்துக் கன்னத்தில் அடக்கும் மினி பஸ் கண்டக்டர் தம்பியைத்தான் சொல்கிறேன். நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, கன்னம், இந்த மூன்றையும் ஸ்கேலிங்குக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வழித்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு என்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். நோயாளியைப் பயமுறுத்தவும் வேண்டாம், ‘ஒண்ணுமில்ல’ என்று அனுப்பிவிடவும் வேண்டாம்.

கடைசி ஆளை அனுப்பிவிட்டு அட்டவணையை நிரப்பாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர், எங்கே ரத்தம் கசிந்தது, என்ன சொல்லிக்கொடுத்தோம், எப்போது வரச் சொன்னோம் என்று எல்லாம் வேண்டும். பை விழுந்தவருக்கு 3 மாதம், மற்றவர்களுக்கு டாக்டர் சொல்லும் இடைவெளி. அந்தச் சோழவந்தான் பாட்டி மறுபடி வந்தபோது கீழ்ப்பல்லில் 6 இருந்த இடத்தில் 4 காட்டியது. ‘என்ன தாயி, எம்புட்டு?’ என்று அவரே கேட்டார். சொன்னேன். வெற்றிலையை விடவில்லை என்பதையும் அவரே சொன்னார். அடுத்த முறைக்கு அதைக் குறித்து வைத்தேன்.