மோட்டார் எஞ்சின் மிகையாகச் சூடேறுதல்: காரணத்தை வீட்டிலேயே கண்டறியும் முறை

பெட்ரோலோ டீசலோ எரிவதால் எஞ்சினுள் தோன்றும் வெப்பம் முழுவதும் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு சிலிண்டர்களின் சுவர்களையும், அவற்றை மூடியுள்ள தலைப்பகுதியையும் சூடாக்குகிறது. இம்மூன்றாவது பங்கை இடைவிடாது அகற்றி வரவேண்டும். அகற்றாவிடில், சில நிமிஷங்களில் மசகெண்ணெய் தன் வழவழப்பை இழக்கும். பிஸ்டன்கள் விரிந்து சிலிண்டர்களில் இறுகிக்கொள்ளும். அலுமினியத் தலைப்பகுதி கோணிப்போகும். ஒரு ரப்பர்க் குழாயை மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய செலவு, எஞ்சினையே பிரித்துச் செப்பனிடும் செலவாகப் பெருகிவிடும்.

கிராமங்களில் சுற்றுப்பயணம் செய்யும் ஊழியர்களுக்கு அருகில் பட்டறை கிடைப்பது அரிது. எனவே, கோளாறு எங்குள்ளது என்பதையேனும் அவர்கள் தாமே அறிந்துகொள்வது நலம். ஆசிரியர்களுக்கோ, வெப்பம், கொதிநிலை, அழுத்தம் ஆகிய பாடங்களை விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் எளிதில் அகப்படாது.

அமைப்பு

எஞ்சினின் சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடுவதற்கான இடைவெளிகள் உள்ளன. எஞ்சினால் இயக்கப்படும் பம்பு இவ்விடைவெளிகளில் நீரைச் செலுத்துகிறது. சூடேறிய நீர் மேற்குழாய் வழியாக ரேடியேட்டரை அடைந்து, அதன் மெல்லிய குழல்களில் பாயும்போது, விசிறி இழுக்கும் காற்றினால் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியாக மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தெர்மோஸ்டாட் என்னும் வால்வு உண்டு. அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரியும்போதுதான் வால்வு திறக்கும். பெரும்பாலான வண்டிகளில் இது 82° முதல் 90° சென்டிகிரேடுக்குள் திறக்கத் தொடங்குகிறது. அதுவரை நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுவதால், எஞ்சின் விரைவில் தக்க வெப்பநிலையை எய்துகிறது.

2014-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் விசிறியைப் பெல்ட் ஒன்று சுழற்றியது. இக்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் விசிறிக்கெனத் தனி மின்மோட்டார் உள்ளது. நீரின் வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அது தானாகவே இயங்கும்.

முதல் எச்சரிக்கை

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. மூடியிலுள்ள வில் வால்வு, அமைப்பினுள் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ ஒரு மடங்கு கூடுதலாக வைத்திருக்கிறது. இதனால் நீர் 100° சென்டிகிரேடில் கொதிக்காமல், 120° வரையிலும் நீராகவே இருக்கும்.

115° வெப்பநிலையில் உள்ள நீரின்மீது மூடி திறக்கப்படுவதாகக் கொள்வோம். அழுத்தம் நீங்கியதும் நீர் 100°-க்கு இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு கிராமும் 15 கலோரி வெப்பத்தை வெளியிடும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு 540 கலோரி தேவை. ஆகவே, ஒரு லிட்டர் நீரில் சுமார் 28 கிராம் நொடிப்பொழுதில் ஆவியாகும். ஒரு கிராம் நீராவி ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தை அடைக்குமாதலால், ஒரு லிட்டர் நீரிலிருந்து 45 லிட்டருக்கும் மேற்பட்ட ஆவி பீறிட்டெழும். அது கொதிநீரையும் வாரிக்கொண்டு முகத்தின்மீதும் கைகளின்மீதும் பாயும். மேற்குழாயைத் தொட்டுப் பிடிக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே, தடித்த துணியை மூடியின்மீது போட்டு, மெல்லத் திருக வேண்டும். மின்விசிறி எஞ்சின் நின்ற பின்னரும் திடீரெனச் சுழலக்கூடும்; ஆதலால் அதனருகே விரல்களைக் கொண்டுசெல்லலாகாது.

எப்போது சூடேறுகிறது?

கருவி எதுவுமின்றிக் காரணத்தை நெருங்குவதற்கு இக்கேள்வியே சிறந்த வழி.

வண்டி நெரிசலில் நின்று நின்று செல்லும்போது சூடேறி, திறந்த சாலையில் ஓடும்போது தணிந்தால், குறை விசிறியில் இருக்கலாம். வேகமாக ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுவதால் விசிறியின் குறை வெளிப்படுவதில்லை. இதற்கு மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்திலோ பாரத்துடன் விரைந்து செல்லும்போதோ சூடேறினால், நீரோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம். ரேடியேட்டரின் குழல்கள் அடைபட்டிருத்தல், பம்பு தேய்ந்திருத்தல், தெர்மோஸ்டாட் முழுமையாகத் திறவாமை ஆகியவை இதற்குக் காரணங்கள். புறப்பட்ட சில நிமிஷங்களிலேயே சூடேறினால், நீர் மிகக் குறைந்திருக்கிறது அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே நின்றுவிட்டது எனச் சந்தேகிக்க வேண்டும்.

வெப்பமானியின் முள்ளை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. நீர் மிகவும் குறைந்துபோனால், வெப்பத்தை உணரும் கருவி நீருக்கு வெளியே நின்று, உண்மைக்குக் குறைவான அளவைக் காட்டக்கூடும்.

ஆறிய எஞ்சினில் சோதிக்க வேண்டியவை

1. நீர்மட்டம். இதை முதலில் பார்க்க வேண்டும். மட்டம் அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிவு உள்ளது. இரவில் வண்டியின் அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வைத்தால், காலையில் ஈரம் படிந்த இடம் கசியும் பகுதியைக் காட்டும். பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து நீர் சொட்டினால், பம்பின் உள்ளடைப்பு பழுதாகிவிட்டது என்று பொருள்.

2. ரப்பர்க் குழாய்கள். அழுத்திப் பார்க்கையில் வெடிப்புத் தெரிந்தாலும், பஞ்சுபோல் தொளதொளத்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். எஞ்சின் ஆறியதும் குழாய் சப்பையாக ஒடுங்கியிருந்தால், கோளாறு பெரும்பாலும் மூடியின் உள்வால்வில் இருக்கும். அது திறந்து நீரையோ காற்றையோ உள்ளே விடாததால் வெற்றிடம் உண்டாகிறது.

3. பெல்ட். எஞ்சின் நின்றிருக்கும்போது, இரு சக்கரங்களுக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் அரை அங்குலம் தாழ்வது பழைய வண்டிகளில் தக்க அளவு. தளர்ந்த பெல்ட் வழுக்குவதால், பம்பும் விசிறியும் போதிய வேகத்தில் சுழலமாட்டா.

4. மின்விசிறி. குளிர்சாதனத்தை இயக்கியவுடன் பெரும்பாலான கார்களில் இவ்விசிறியும் சுழலும். அப்போது சுழன்று, எஞ்சின் சூடேறும்போது மட்டும் சுழலாவிடில், மோட்டாரில் குறையில்லை. வெப்பத்தை உணரும் கருவியையோ அதன் கம்பிகளையோ சோதிக்க வேண்டும்.

5. ரேடியேட்டரின் முகப்பு. புழுதியும் பூச்சிகளும் வைக்கோல் துரும்பும் படிந்து காற்று புகாதபடி அடைத்திருக்கலாம். தண்ணீரை மென்மையாகப் பாய்ச்சிக் கழுவினால் போதும். வயல்வெளிகளில் ஓடும் ஜீப்புகளிலும் டிராக்டர்களிலும் இது அடிக்கடி காணப்படும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதித்தல்

எஞ்சின் சூடேறிய நிலையில் மேற்குழாய் மிகச் சூடாகவும் கீழ்க்குழாய் குளிர்ச்சியாகவும் இருந்தால், ரேடியேட்டரில் நீர் ஓடவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்து நீரில் அடியைத் தொடாதவாறு நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் வைத்து நீரைச் சூடாக்க வேண்டும். அதன்மீது பொறித்துள்ள வெப்பநிலையையொட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். நீர் கொதித்த பின்னும் திறவாவிடில் புதியது பொருத்த வேண்டும். அதை அகற்றிவிட்டு வண்டியை ஓட்டும் வழக்கம் நல்லதன்று. அவ்வாறு செய்தால் எஞ்சின் தக்க சூட்டை அடையாமல் எரிபொருளை வீணாக்கும்.

காஸ்கெட் பழுது

நீர் குறைகிறது, ஆனால் கசிவு எங்கும் தென்படவில்லை என்றால், சிலிண்டருக்கும் தலைப்பகுதிக்கும் இடையேயுள்ள காஸ்கெட் பழுதாகியிருக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர்போல் வெளுத்த பசை, சூடேறிய பின்னும் புகைக்குழாயிலிருந்து ஓயாது வரும் வெண்புகை, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் நீரில் தொடர்ந்து எழும் குமிழிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். சிறு தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் உறைந்தும் வெளுத்த பசை படியுமாதலால், ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

குமிழிகள் எரிவாயிலிருந்து தப்பிய புகையாயின், அவற்றில் கரியமில வாயு இருக்கும். பட்டறைகளில் அவ்வாயுவை நீல நிறக் கரைசல் ஒன்றில் செலுத்துவர்; அது மஞ்சளாக மாறினால் காஸ்கெட் பழுது உறுதியாகும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீர் பால்போலாவதும் இதே வேதியியல் உண்மையைக் காட்டுவதே.

நீரும் மலையும்

கிணற்று நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புகள், சூடேறும்போது கார்பனேட்டாகப் படிந்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் வெண்படலம் போன்றதை எஞ்சினுள்ளும் உண்டாக்கும். அப்படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகையால் காய்ச்சி வடித்த நீருடன், உற்பத்தியாளர் குறிப்பிட்ட குளிர்விப்புத் திரவத்தையே கலக்க வேண்டும். எத்திலீன் கிளைக்கால் சரிபாதி கலந்த திரவம் ஏறத்தாழ மைனஸ் 37° வரை உறைவதில்லை. ஆனால் அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதவாறு வைக்க வேண்டும்.

சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 88°-இலேயே கொதிக்கும். பழுதான மூடியுடன் அங்குச் செல்லும் வண்டி, சமவெளியில் தாங்கும் சூட்டைக்கூடத் தாங்காது கொதித்துவிடும். எனவே மலைப்பயணத்துக்கு முன் மூடியின் ரப்பர் வளையத்தைச் சோதிப்பது இன்றியமையாதது.

வழியில் சூடேறினால்

குளிர்சாதனத்தை நிறுத்தி, வெப்பக்காற்றுக் கருவி இருப்பின் அதை முழு அளவில் இயக்க வேண்டும். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. முள் தணியாவிடில், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். நீர் வற்றிய சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் சமமின்றிச் சுருங்கி விரிசல் காணும். காஸ்கெட் பழுதெனச் சந்தேகம் தோன்றினால், வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே சிக்கனம்.

வகுப்புக்குரிய வினாக்கள்

1. நகர நெரிசலில் சூடேறும் வண்டி நெடுஞ்சாலையில் தணிவது ஏன்?

2. குளிர்காலத்தில் நெடுநேரம் ஓடியும் முள் உயராவிடில், தெர்மோஸ்டாட் எந்நிலையில் நின்றிருக்கும்?

3. ரேடியேட்டர் மூடியின் வில் தளர்ந்தால் நீரின் கொதிநிலை என்னவாகும்? இதை லே நகருக்கும் சென்னைக்கும் ஒப்பிட்டு விளக்குக.