மறியல் செய்பவர்களிடம் போலீஸ் செலவை வாங்கலாமா?

கேள்வி: வக்கீல் ஐயா, காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். ரோட்டில் மறியல் என்றால் ஷட்டரை இறக்கச் சொல்லிவிடுவார்கள். ஆட்டி வைத்த மாவு புளித்துப்போகும், பாலும் வீண். ஆனால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராதபோது நானும் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தவள்தான். மறுநாளே லாரியில் தண்ணீர் வந்தது. இப்போது பக்கத்துக் கடைக்காரர்கள், “போலீஸ் செலவையும் நம் நஷ்டத்தையும் மறியல் செய்கிறவர்களிடமே வாங்க வேண்டும்” என்கிறார்கள். இது நியாயமா?

— ஒரு வாசகி, காரியாபட்டி

பதில்: அம்மா, போலீஸ் செலவைப் போராடுகிறவர்களிடம் வாங்குவது நியாயமில்லை. ஆனால் எங்கே, எவ்வளவு நேரம் போராடலாம் என்று வரம்பு வைப்பது நியாயம்தான்.

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு நமக்குத் தருகிறது. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் அதே உறுப்பு இடம் தருகிறது. தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது என்று 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஷாகீன்பாக் வழக்கில் 2020 அக்டோபரில், பொதுவழியைக் காலவரையின்றி அடைத்து உட்காரும் உரிமை யாருக்கும் இல்லை என்றும் சொன்னது. உங்கள் கடைக்கும், மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணிக்கும் இந்த இரண்டாவது தீர்ப்பு பாதுகாப்பு தருகிறது.

இனி செலவு விஷயம். பஸ் கண்ணாடியை உடைத்தவர் அதற்குப் பணம் கட்டத்தான் வேண்டும். அதற்கு 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெரிய கட்சிக் கூட்டங்களுக்குச் சேத ஈடாக முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்குவது பற்றி 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் பேசியது. அதெல்லாம் சேதத்துக்கு. காவலுக்கு நிற்கும் போலீசாரின் சம்பளம் வேறு. அது நாம் எல்லோரும் வரியாகக் கட்டிய பணம். எதிர்ப்பு வலுக்கும் என்று கணித்து அதற்கேற்பக் கட்டணம் உயர்த்துவது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல் ஃபோர்சைத் கவுண்டி வழக்கில் தீர்ப்பளித்தது. அமைதியான கூட்டத்தின் காவல் செலவை நடத்துபவர் தலையில் கட்டுவது பொதுவாக உரிமைக்கு ஒவ்வாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2020-இல் சொன்னது. கட்டணம் வந்தால் கட்சிகள் கட்டிவிடும். காலிக்குடத்தோடு வந்த நீங்கள் எங்கே போவீர்கள்?

உங்கள் வட்டாரத்திலேயே பாருங்கள். 2024 மே 1-இல் ஆவியூர் அருகே கல்குவாரி வெடிவிபத்தில் தொழிலாளர்கள் இறந்தபோது, குவாரியை மூடச் சொல்லி ஊர்மக்கள் போராடினார்கள். அவர்கள் கேட்டது உயிர்ப் பாதுகாப்பு. அதே ஆண்டு செப்டம்பர் 3-இல் அருப்புக்கோட்டையில், கொலையானவரின் உறவினர்கள் மறியலுக்கு இறங்கியபோது, தடுக்கப் போன பெண் டி.எஸ்.பி.யின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களின் துயரம் உண்மை, கோரிக்கை நியாயம். ஆனாலும் கை ஓங்கிய கணத்தில் சட்டப் பாதுகாப்பு போய்விடுகிறது.

போலீசுக்கும் இதே அளவுகோல்தான். உங்கள் ஊர் நால்வழிச் சாலை போய்ச் சேரும் தூத்துக்குடியில் 2018 மே 22-இல் போராடியவர்கள்மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டை, எந்தத் தேவையுமின்றி நடந்தது என்றே அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் கண்டது. வழக்கு போட்டு மிரட்டுவதற்கும் எல்லை உண்டு. அமைதியாகப் போராடியவர்கள்மீது தடையுத்தரவை மீறியதாகப் போலீசார் தாங்களாகவே எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று ஜீவானந்தம் வழக்கில் 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 7-இல் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை மக்கள் திரண்டார்கள். 11,608 பேர்மீது வழக்கு. 23-ஆம் தேதி மத்திய அரசு சுரங்க ஏலத்தையே ரத்து செய்தது. பிறகு மாநில அரசு வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அன்று போக்குவரத்து பாதித்ததை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தால் அரிட்டாபட்டி மலை காப்பாற்றப்பட்டது.

அடுத்த முறை உங்கள் தெருவுக்குப் பிரச்சினை வந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால், நாள், இடம், நேரம், பொறுப்பாளர் பெயர் எழுதி சில நாள் முன்னதாகவே காவல் நிலையத்தில் அனுமதி கேளுங்கள். ரோட்டை அடைக்காமல் தாலுகா ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம் நடத்துங்கள். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மதுரைக் கிளைக்குப் போக அதுதான் ஆதாரம். எந்தப் போராட்டத்திலும் ஆம்புலன்சுக்கு வழி விடுங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒன்று சொல்லுங்கள். மனுக் கொடுத்தபோது வராத அதிகாரி மறியல் நடந்த மறுநாள் லாரி அனுப்புகிறார் என்றால், கடை நஷ்டத்துக்கு முதல் பொறுப்பு அந்தத் தாமதம்தான். போராடுகிறவர்களிடம் கட்டணம் கேட்பதை விட்டுவிட்டு, மனுக்களுக்கு உரிய காலத்தில் பதில் வேண்டும் என்று வியாபாரிகளும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்.